எண்பத்தாறாம் ஆண்டுப் படம்

புலம்பெயர்ந்து வந்த நகரின் வில்லரே பகுதித் தேவாலயத்தின் நிலவறை மண்டபத்துக்குள் மதிய வெளிச்சம் கூரையோரச் சன்னல்களால் மட்டுமே இறங்குகிறது. கண்ணாடிக்கு அப்பால் பனிச்சேற்றை மிதித்துப் போகும் சப்பாத்துகள் தெரிகின்றன. பழைய மாணவர் சங்கத்தின் விருந்து முடிந்து, வழக்கம்போல உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டுவாரியாகப் படம் எடுக்கிறார்கள். "எண்பத்தாறு வாங்கோ" என்று ஒலிவாங்கி கூப்பிட்டதும், நகரின் மறுகோடியான பியர்பொன்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி முதன்முறையாக வந்திருக்கும் பாலேந்திரா, கல்லூரிக் கழுத்துப்பட்டியை நேராக்கிக்கொண்டு எழும்புகிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அவரோடு படித்த பதினொரு பேர் மேடையில் தோளோடு தோள் நெருங்கி நிற்கிறார்கள். நடுவில் நிற்கும் சங்கத் தலைவர் சச்சிதானந்தம் தன் கைபேசியை அவரிடம் நீட்டுகிறார். "நீ சோதினை எடுக்கேல்லைத்தானே, மச்சான். பேந்து பொதுப்படத்திலை நில். இப்ப இதை ஒருக்காப் பிடிச்சுவிடு." பரீட்சை நடந்த மாதம் பாலேந்திரா இராணுவ முகாமில் கிடந்தார். அவருடைய வகுப்பறை மேசைக்குள் அகப்பட்ட இயக்கத் துண்டுப்பிரசுரக் கட்டை அதற்குள் ஒளித்து வைத்தது சச்சி. யாருடையது என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். நகம் கழன்றது, பெயர் வரவில்லை. சச்சி அந்தச் சோதினையில் நான்கு ஏ எடுத்தார். அன்றிலிருந்து நகமே முளைக்காத அந்த விரலால் பாலேந்திரா இப்போது கைபேசித் திரையைத் தொடுகிறார். நடுவிலிருக்கும் முகம் தெளிகிறது. "ஒருத்தரும் விடுபடேல்லையே?" என்று சச்சி சிரிப்புக் கலையாமல் கேட்கிறார். "இல்லை," என்கிறார் பாலேந்திரா. "எல்லாரும் நிக்கிறியள்."