கருப்பு அங்கியில் ஒரு சுவடு

கூதிர்ப் பருவத்தின் ஈரம் மொந்தேகு ஆற்றிலிருந்து மெல்ல எழுந்து, போர்ச்சுகலின் கொயிம்ப்ரா நகரக் கற்படிகளில் ஏறி, பல்கலைக்கழக முற்றத்தில் தூபப் புகைபோல் படிந்து நிற்கிறது. மத்தி மீன் ஆலைத் தொழிலாளி இல்தா, மகள் லியோனோர் பயிலும் இடத்தை இன்றுதான் முதன்முறையாகக் காண்கிறாள். பழைய நூலகத்தின் நுழைவுச்சீட்டுக்குக் கையில் பணமில்லை. சாத்திய கதவின் சிற்பங்களையே கண்ணாரப் பருகுகிறாள். "உள்ள கூட்டிட்டுப் போக முடியலையேம்மா." "போடி, உள்ள விட்டா என்னையே தூசி தட்டச் சொல்லுவாங்க!" லியோனோர் சிரிக்கவில்லை. பெருமக்கள் வருகையில் மாணவர் செய்யும் மரியாதையாய், தன் கருப்பு மேலங்கியைத் தோளிலிருந்து இறக்கி ஈரக்கல்லின்மேல் விரிக்கிறாள். "இதுமேல நடந்து வாம்மா." "பைத்தியக்காரி! காலெல்லாம் சேறு. இங்க படிக்கிறவங்க அங்கியத் துவைக்கவே கூடாதுன்னு நீதானே சொன்ன? கறை அப்படியே நிக்குமே!" "நிக்கட்டும். அதுக்குத்தான்."

இல்தா நடக்கிறாள். மேகம் விலகிய மாலை ஒளி அவளுடைய தேய்ந்த காலணிகளில் விழுகிறது. மணிக்கூண்டு நான்கு முறை ஒலித்து அடங்குகிறது. லியோனோர் மண்டியிட்டு, அங்கியை இரு கைகளாலும் ஏந்தி, சேற்றுச் சுவட்டின்மேல் இதழ் பதிக்கிறாள். தாயின் கைப் பெருவிரல் அவள் நெற்றியில் சிலுவை வரைகிறது. "ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும், கண்ணு. உன்னைத் தாங்குற இந்தக் கல்லையும் சேத்து."