லிஸ்பன் தேர்தலுக்கு ஒரு நவநாள்

“லிஸ்பன் நகர மேயர் தேர்தலில் எங்கள் துரை ஜெயிக்க வேண்டும், மாதாவே” என்று உபதேசியார் இஞ்ஞாசி சொல்ல, முழங்காலில் நின்ற பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். எழுபத்தாறு டிசம்பர், ஒன்பது நாள் செபமான நவநாளின் கடைசி நாள். அந்த வரி வந்ததும் முன்வரிசையில் பிளாரன்ஸுக்கு வழக்கம்போல் இருமல் வந்தது.

திரேஸ்புரத்தில் அந்தத் துரையைப் பார்த்தவர் யாருமில்லை. பிளாரன்ஸின் ஒரே மகன் வில்பிரட் அவர் வீட்டில் சமையல்காரன். ‘துரை ஜெயித்தால் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார், நம் தெருப் பையன்கள் நாலு பேருக்கும் வேலை தருவார். தோற்றால் வீட்டைப் பூட்டிவிட்டு பிரேசிலுக்குப் போய்விடுவார், என் வேலையும் போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்’ என்று அக்டோபரில் எழுதியிருந்தான். அன்றிலிருந்து துரை தெருவுக்கே உறவுக்காரர் ஆகிவிட்டார்.

பிளாரன்ஸ் ஆள் உயர மெழுகுதிரி நேர்ந்திருந்தாள். ஏழு வருஷம் முன்னால், கப்பலேறும் அன்று, மகனை நிலைக்காலில் சாய்த்து நிறுத்திக் கீறிய கோடு இன்னும் இருந்தது. அந்த உயரத்துக்கே வார்க்கச் சொன்னாள். கேட்டது கிடைத்தால்தான் ஏற்றுவது என்று, துணி சுற்றி வீட்டு மூலையில் சாத்தி வைத்திருந்தாள்.

“துரை ஜெயிச்சா எங்க மவன் மரியானும் லிஸ்பனுக்குப் போவாம்லா மயினி” என்றாள் பக்கத்து வீட்டு மரியசெல்வி, கோயிலை விட்டு வரும்போது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. “அந்தத் துரைக்கு அவரு பெஞ்சாதிகூட இம்புட்டு செபம் பண்ணிருக்க மாட்டா.”

பிளாரன்ஸ் சிரிக்கவில்லை. “அசதியா இருக்குளா” என்று மட்டும் சொன்னாள்.

அதற்கு நாலாம் நாள் மத்தியானம் வில்பிரட்டின் தந்தி வந்தது. பிளாரன்ஸ் வீட்டு வாசலில் உபதேசியார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“துரை தோத்துட்டாராம்.”

மரியசெல்வி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஒம்பது நாளு முட்டி தேஞ்சதுதான் மிச்சம். மாதா செவி குடுக்கலியே, மயினி.”

பிளாரன்ஸ் உள்ளே போனாள். சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு, மெழுகுதிரியைத் தோளில் சாய்த்தபடி மெல்லப் படியிறங்கினாள். கோயில் பக்கம் திரும்பினாள்.

“மயினி, அவரு தோத்துல்லா போனாரு. கேட்டது நடக்காம எதுக்கு நேர்ச்சை?”

பிளாரன்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

“நான் கேட்டது அதத்தாம்ளா.”