பத்துக்கு எட்டு

"எட்டா? எனக்கா?"

மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்துக் கேட்டார் விசில். முப்பது வருஷம் கால்பந்து நடுவராக ஓடி ஓய்ந்தவர். சொந்தப் பெயரைச் சொன்னால் அவருக்கே யாரோ என்று தோன்றும். எல்லோருக்கும் அவர் விசில்தான்.

உள்ளங்கை அளவு பழைய அட்டை அது. கோல்கீப்பர் ஒருவர் அந்தரத்தில் பறந்து பந்தைப் பிடிக்கும் படம். விளையாட்டு அட்டை சேகரிப்பவர்கள் அந்த கோல்கீப்பருக்காகவே அதைத் தேடி அலைவார்கள். விசிலுக்கு அவர் ஒரு பொருட்டே இல்லை. பின்னால் கடுகளவு முகத்தோடு, வாயில் விசிலோடு ஒரு நடுவர் நிற்கிறாரே, அதுதான் முக்கியம். அது இவரேதான்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை ஒன்பது வருஷம் தேடி அந்த அட்டையைப் பிடித்தார். அட்டையின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் நிறுவனத்துக்கு அனுப்பினார். அனுப்பிய அன்று காலை விசிலும் அதைக் கையில் வாங்கி ஆற அமரப் பார்த்து, பத்துக்குப் பத்து என்று தீர்ப்பு சொல்லியிருந்தார். அந்தத் தீர்ப்பு அன்றைக்கே நண்பர்கள் அத்தனை பேர் காதுக்கும் போய்விட்டது.

இப்போது உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும் பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து எட்டு என்று வந்திருக்கிறது.

மறுபடி அனுப்ப வழி இருந்தது. பெட்டியை உடைத்துவிட்டுப் புதிதாகப் பார்ப்பார்கள். மதிப்பெண் கூடலாம், ஏழாகவும் இறங்கலாம். ஆனால் இந்தத் தடவை குறை எங்கே, எதனால் என்று விவரமாக எழுதிக் கொடுப்பார்கள்.

"அதைத்தான் கேக்கறேன்," என்றார் விசில். "எழுதிக் கொடுக்கட்டும். என் கூட்டாளிங்க எல்லாரையும் உக்கார வச்சு வாசிச்சுக் காட்டறேன்."

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏம்ப்பா, முப்பது வருஷத்துல நீங்க ஒரு தடவையாவது தீர்ப்பை மாத்தியிருக்கீங்களா?"

"அது நான் கொடுத்த தீர்ப்பு. இது எனக்குக் கொடுத்த தீர்ப்பு."

மாப்பிள்ளைக்கும் ஆசைதான். கடைக்கு எடுத்துப்போய் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றார்.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் ஆளே மாறியிருந்தார். "எட்டே இருக்கட்டும் மாமா. விட்டுடுவோம்," என்றார். ஏன் என்று விசில் கேட்டார். பேச்சை மாற்றுகிற மாதிரி, மாப்பிள்ளை மெத்தென்று ஒரு துணியை எடுத்து நீட்டினார். இனிமேல் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காமல் இதைக் கொண்டு துடைக்கும்படி கேட்டுக்கொண்டார்.

விசிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையைப் பற்றிக் கேட்டால் துணியைக் கொடுக்கிறாரே மனுஷன்! துணி இழுப்பறைக்குள் போய் விழுந்தது. கண்ணாடி வழக்கம்போல் சட்டை நுனிக்கே போனது.

அடுத்த ஒரு வாரம் மாப்பிள்ளையின் தலை உருண்டது. முதுகெலும்பு இல்லாதவர் என்று விசில் நண்பர்களிடம் சொன்னார். மாமனார் மானம் போகும்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறவர் என்று மகளிடம் சொன்னார். மாப்பிள்ளை அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.

கடைசியில் விசில் தானே விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, அட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். மாப்பிள்ளையின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கடையில் ஒரு அம்மாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வாங்கி இரண்டே மாதத்தில் கண்ணாடி மங்கிவிட்டதாம். மாப்பிள்ளை அதை உருப்பெருக்கி விளக்குக்கு அடியில் வைத்துக் காட்டினார். கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்.

"துணி நுனியால துடைச்சீங்களாம்மா?"

"ஆமா. சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்."

"நல்லதுக்குத்தான் துடைச்சீங்க. ஆனா இந்த வட்டம் போகாது."

அந்த அம்மாள் புது லென்ஸுக்குச் சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை ரசீதுப் புத்தகத்தை உள்ளே வைக்கப் போயிருந்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சும்மா நிற்பானேன் என்று விசில் அட்டையைப் பெட்டியோடு அதற்கு அடியில் வைத்துக் குனிந்தார்.

வட்டங்கள்!

கோல்கீப்பர் மேல் ஒன்றுகூட இல்லை. பந்து மேல் இல்லை. பின்னால் நிற்கும் நடுவரின் முகத்தின் மேல் மட்டும், வட்டத்துக்கு மேல் வட்டம்.

அட்டையை அனுப்பிய அன்று காலை நடந்தது நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை உறை எடுக்க உள்ளே போயிருந்தார். அட்டையில் தன் முகத்தின் மேல் லேசாகத் தூசி இருக்கிறதே என்று இவர்தான் சட்டை நுனியால் துடைத்தார். திருப்தி வராமல் இன்னொரு தடவையும் துடைத்தார்.

குறையை எழுத்தில் வாங்கி எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறேன் என்று குதித்ததும் நினைவுக்கு வந்தது. விசிலுக்குக் காது மடல் சுட்டது.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். எரியும் விளக்கையும் அட்டையையும் மாமனார் முகத்தையும் பார்த்தார். விளக்கை அணைத்தார்.

"அன்னிக்கே பார்த்துட்டீங்களா மாப்பிள்ளை?"

"எதை மாமா?"

விசில் விண்ணப்பத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏனோ எதிரில் இருந்தவை எல்லாம் கலங்கலாகத் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றினார். கை பழக்கத்தில் சட்டை நுனிக்குப் போய், பாதியிலேயே நின்றது.

"மாப்பிள்ளை... அந்த மெத்துன்னு ஒரு துணி கொடுத்தீங்களே, அதுல இன்னொண்ணு இருக்கா?"