முன் இறக்கை

“விமானத்துக்கு நேர்மாறுப்பா. அங்கே இறக்கை தூக்கணும், இங்கே அமுக்கணும். அதனாலதான் கார் மூக்குல இருக்கிற இறக்கையோட முன்விளிம்பைத் தாழ்த்தி வெச்சேன். இல்லேன்னா போற வேகத்துக்குக் காத்து காரையே தூக்கி அடிச்சிடும்.”

மகன் சொல்லச் சொல்ல, பெரியவரின் முகத்தில் ரத்தம் வற்றியது. விமானத் தொழிற்சாலையில் முப்பது வருடம் இறக்கை பொருத்தியவர். பந்தயக் காரை அருகில் பார்த்ததே இன்றுதான். பந்தயத் தடத்தில் இப்போது அதை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவருடைய மகள்.

“பாப்பாவை நிறுத்தச் சொல்லுடா.”

“எதுக்கு?”

“பயமா இருக்கு.”

“உங்களுக்கா? பயமா?” மகன் சிரித்தான். “எதிர்ல பந்தய அணியோட தேர்வுக் குழு உட்கார்ந்திருக்கு. இப்போ நிறுத்தினா அவளை எடுக்க மாட்டாங்க. அண்ணன் கட்டின கார் நாலு சுத்துகூடத் தாங்கலைன்னு நம்ம குடும்பத்தைப் பார்த்தே சிரிப்பாங்க.”

குடும்பம் என்றதும் பெரியவர் தேர்வுக் குழுவைத் திரும்பிப் பார்த்தார். வேட்டியில் கையைத் துடைத்தார்.

ஒலிபெருக்கியில் மகளின் குரல் வந்தது. “அண்ணா, மூக்கு லேசா மிதக்குது. ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இருக்கு.”

“அதெல்லாம் மிதக்காது. ரெண்டு தடவை கணக்குப் பார்த்தாச்சு. கடைசிச் சுத்து, முழு வேகத்துல போ.”

பெரியவர் மைக்கைப் பிடுங்கினார். “வேகத்தைக் குறைம்மா!”

“அப்பாவா? மைக்கை அண்ணன்கிட்ட குடுங்க. இது உங்க விமானம் இல்ல.”

“சொன்னாக் கேளு!”

“காரணம் சொல்லுங்க, குறைக்கிறேன். உங்க பொண்ணுப்பா நான். சும்மா வளைஞ்சு குடுப்பேனா?”

கார் கடைசி வளைவைத் தாண்டி நேர்ப் பாதைக்குத் திரும்பியது. எதிரே தேர்வுக் குழு, பின்னால் மெக்கானிக்குகள். மைக்கில் பேசுவது அத்தனை பேருக்கும் கேட்கும். யாரிடமும் தலை குனிந்து பழக்கமில்லாத பெரியவர் கண்களை மூடிக்கொண்டார்.

“உங்க அண்ணன் கணக்கு சரிதாம்மா. பிள்ளை தப்பா மாட்டிட்டான், வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு, காலையில யாரும் பார்க்காதப்போ ஸ்பேனரை எடுத்து, அந்த இறக்கையை விமானத்துக்கு வைக்கிற மாதிரி நிமிர்த்தி வெச்சது நான்தான்!”