நூறு கெஜம்

செங்கம் ரோட்டில் பள்ளிக்கூட வாசலிலிருந்து நூறு கெஜம் அளந்து மஞ்சள் கோடு போடுவது அன்றைக்கு என் வேலை. கோட்டுக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. தசரதனின் தள்ளுவண்டிக் கடை தொண்ணூற்றேழாவது கெஜத்தில் நின்றது.

"ஒத்தக் கோட்டுக்கு ரெண்டு டப்பா பெயிண்டா?" என்று சிரித்தான். எழுதப் படிக்கக் கற்க நான் முதியோர் வகுப்பில் சேர்ந்தபோது, "கலெக்டர் வர்றாரு, வழி விடுங்க" என்று ரோட்டில் கத்தியவனும் இவன்தான்.

"உன் கடை கோட்டுக்குள்ள வருது தசரதா."

அவன் சிரிப்பு நின்றது. "பீடி இல்லன்னா கடையே இல்லண்ணே. தாள்ல இன்னா போட்டிருக்கு, படிங்க."

ஆபீசில் கொடுத்த உத்தரவுத் தாளை எடுத்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டினேன். "ப... ள்... ளி..."

"சீக்கிரம் படிங்கண்ணே!"

"நூறு கெஜம்னு போட்டிருக்கு."

"அவ்ளோதானா? வண்டிய நவுத்திட்டா போச்சு!"

"அந்தப் புங்கமரத்தடிக்கே போயிடேன். நிழலும் ஆச்சு."

நானும் சேர்ந்து தள்ளினேன். வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவன் எனக்கு சோடா உடைத்துக் கொடுத்தான். குடித்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு ரோட்டு வளைவுப் பக்கம் நடந்தேன்.

"எங்கண்ணே போறீங்க?"

"வளைவுல பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல் இருக்குதுல்ல? அங்கேர்ந்தும் நூறு கெஜம் இந்தப் பக்கமா அளக்கணும். புங்கமரம் உள்ளதான் வரும்."

"அத அப்பவே சொல்லலியே!"

"அது ரெண்டாவது வரி. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் தசரதா, இப்பத்தான் அங்க வந்தேன்" என்று இரண்டாவது டப்பாவின் மூடியைத் திறந்தேன்.