‘கட்டைக்குரல்’ முதல் இதழ்

பஞ்சாட்சரத்தின் வீட்டு வாசலில் ஏழெட்டு ரோஜா மாலைகள் கிடந்தன. பூஜா அவற்றை மிதிக்காமல் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனாள்.

உள்ளே பஞ்சாட்சரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து வஞ்சிரம் வறுவலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா. என்னை சாவடிச்சுட்டு வெறுங்கையை வீசிக்கினு வந்து நிக்கிற. ஒரு மாலை கூடவா வாங்கியாரல?”

“சாரி அங்கிள். பத்திரிகை வரப்போகுதுன்னு சொல்லத்தான் போஸ்டர் ஒட்டினேன். இப்படி ஆகும்னு சத்தியமா தெரியாது.”

சாவு வீடுகளில் மட்டுமே பாடப்படும் மரண கானாவுக்கென்று தனியாக ஒரு பத்திரிகை. பெயர் ‘கட்டைக்குரல்’. டிசைன் படித்த பூஜா நான்கு மாதமாக அதை ஒவ்வொரு பக்கமாக வடிவமைத்திருந்தாள். அட்டையில் பஞ்சாட்சரம், உள்ளே இருபது பக்கத்துக்கு அவருடைய நோட்டில் இருந்த பாட்டுகள். நாளைக் காலையில் அச்சுக்குப் போக வேண்டும்.

அட்டைப் படத்தையே போஸ்டராக அடித்து மந்தைவெளியிலும் பட்டினப்பாக்கத்திலும் ஒட்டினாள். முகம் மட்டும், பெரிதாக, கறுப்பு வெள்ளையில். இந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் கறுப்பு வெள்ளையில் சுவர் ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழே இருந்த எழுத்தை யாருமே படிக்கவில்லை.

“காசிமேட்டுலேருந்து கரீமுல்லா மேளத்தோட வந்து இறங்கிட்டான். அவனைத் திருப்பி அனுப்பறதுக்குள்ள எனக்கு நெசமாவே உசுரு போச்சு. பத்திரிகையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். என் நோட்டைக் குடு.”

“நோட்டை எடுத்துட்டா பத்திரிகையே இல்ல அங்கிள்.”

“இல்லாம போவட்டும். நான் இல்லாம போனப்ப நீ கவலப்பட்டியா?”

பூஜா பரிதாபமாக அவர் மனைவி தேவானையைப் பார்த்தாள். போன வாரம் கலரில் மூன்று மாதிரி, கறுப்பு வெள்ளையில் ஒன்று என்று கொண்டுவந்தபோது, கண்ணாடியைத் தேடி அலுத்த பஞ்சாட்சரம், “அவகிட்ட காட்டு” என்று சொல்லிவிட்டார். “இதான் கம்பீரமா கீது” என்று கறுப்பு வெள்ளையைத் தொட்டவள் தேவானைதான். சொந்தக்காரர்களுக்கு என்று பத்து போஸ்டரும் வாங்கி வைத்துக்கொண்டாள். இப்போது கணவரின் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

அப்போது வாசலில் யாரோ குடத்தில் தாளம் தட்டினார்கள். பஞ்சாட்சரத்தின் கை தட்டிலேயே நின்றது.

“மதிவாணன்,” என்றார்.

இருபது வருஷம் ஜோடியாகப் பாடியவர்கள். ஒருவர் அடி எடுத்தால் மற்றவர் முடிப்பார். ஒரு சாவு வீட்டில் மைக்கை முதலில் யார் வாங்குவது என்று வந்த சண்டையில் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. ‘அவன் கீற புஸ்தகத்துல என் பேரு வரக் கூடாது’ என்று மதிவாணன் பூஜாவையும் விரட்டியிருந்தார்.

“நான் போய் சொல்லிடறேன்,” என்று எழுந்தவரைத் தேவானை தோளில் அழுத்தி உட்காரவைத்தாள்.

“உனக்காக வந்து பாடறான். முடிக்கட்டும், இரு.”

வெளியே கட்டைக்குரல் எழுந்தது.

“மைக்கை முதல்ல புடிச்ச பாவி நான்தான்டா பஞ்சு,
மைக்கு கீது, நீ இல்லியே, வெடிக்குதடா நெஞ்சு…”

பஞ்சாட்சரம் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். “சுதி இறங்குது பாரு. அழுதுக்கினே பாடாதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்.”

“ஒத்தையில நான் பாடினா எவன்டா பதில் சொல்வான்…”

அதற்கு மேல் மதிவாணனுக்குக் குரல் வரவில்லை. பாதியில் நின்ற பாட்டைப் பஞ்சாட்சரத்தால் தாங்க முடியவில்லை. உள்ளிருந்தே எடுத்துவிட்டார்.

“செத்தவனே எழுந்து வந்து சுதியைச் சேர்த்து வெல்வான்…”

பழக்க தோஷத்தில் வெளியே இரண்டு தட்டு தாளம் விழுந்தது. பிறகு குடமே விழுந்து உருண்டது.

“டேய், நீ சாவலியா?”

“உனக்கு அவ்ளோ வருத்தமா?”

“காலையில கதவைத் தொறந்த என் பொண்டாட்டி தங்கம் ‘ஐயோ’ன்னு கத்துச்சு. எதிர் சுவத்துல உன் மூஞ்சி. தேனாம்பேட்டையிலேருந்து அழுதுக்கினே வரேன்டா. அது இன்னும் அங்க உக்காந்து அழுதுக்கினு கீது.”

தேனாம்பேட்டையில் நாம் ஒட்டவே இல்லையே என்று பூஜா யோசித்தாள். அதற்குள் இரண்டு பேரும் ஒரே தட்டின் முன்னால் உட்கார்ந்து அடுத்த சண்டையை ஆரம்பித்திருந்தார்கள்.

“பூஜா, அட்டையில இவனையும் போடு. இவன் பேருதான் முதல்ல வரணும்.”

“அப்டி போட்டா நான் வர மாட்டேன். பஞ்சு பேரு முதல்ல.”

“ரெண்டு பேரையும் வட்டமா எழுதிடறேன் அங்கிள். அதுல முதல், கடைசின்னு எதுவும் கிடையாது,” என்றாள் பூஜா அவசரமாக.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “கெட்டிக்காரிதான். நோட்டு உன்கிட்டயே இருக்கட்டும்,” என்றார் பஞ்சாட்சரம்.

பூஜாவுக்கு மூச்சு வந்தது. தேவானையிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று சமையலறைப் பக்கம் போனாள். தேவானை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வாயை முந்தானையால் மூடிச் சிரித்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“தங்கம், நடிச்சது போதும். மூஞ்சியக் கழுவிக்கினு கிளம்பி வா.”