பசு வரையத் தெரியாதவர்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு கிராமத்து மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி. தேநீர்க் கோப்பையோடு சுற்றிவந்த போலீஸ் சார்ஜன்ட் லெகெட், உள்ளூர் ஓவியர் எட்மண்ட் ஃபிஸ்க் வரைந்த ஊர்க் காட்டு ஓவியத்தின் முன் நின்றுவிட்டார்.

பெரிய ஓக் மரம். பாசி, சருகு, இலைகளின் நடுவே வடியும் வெளிச்சம். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும் போலிருந்தது. மரத்தடியில் ஆள் நீளத்துக்கு ஒரு மண்மேடு, சமீபத்தில் தோண்டி மூடியது போல.

சில நாட்களுக்கு முன் அந்தக் காட்டுக்குள் உலாவப் போன லண்டன் ஓவிய விமர்சகர் மார்ட்லாக் இன்னும் திரும்பவில்லை. ஊரில் அவரிடம் திட்டு வாங்காத ஓவியர் கிடையாது.

"இந்த மேடு நிஜமாவே அங்க இருக்கா, ஃபிஸ்க்?"

பேச்சு நின்றது. கண்ணால் கண்டதைத் தவிர எதையும் வரையமாட்டேன் என்று பெருமை பேசித் திரிந்தவர் ஃபிஸ்க். அந்தப் பெருமைக்காகவே லண்டன் ஓவிய அரங்கு ஒன்று அவரை அழைத்திருந்தது. இப்போது அவர் முகம் சிவந்தது.

மண்வெட்டிக்கு ஆள் அனுப்பத் திரும்பிய சார்ஜன்ட்டின் கையைப் பிடித்தார்.

"மானம் போகுது, மெதுவா பேசுங்க. அது மேடு இல்ல. பசு."

"பசுவா?"

"கால் வரைய வராதுன்னு படுக்க வெச்சேன். அப்புறம் பார்த்தா தலையும் வரல. மண்ணைப் பூசி மூடிட்டேன்."

சார்ஜன்ட் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. மண்டபமே சிரித்தது. பாதிரியாரின் மனைவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்து சிரித்தாள். பின்னாலிருந்து யாரோ "ம்மா" என்றார்கள். ஃபிஸ்க்கும் சேர்ந்துகொண்டார். தான் வரைந்த குதிரையை நல்ல நாய் என்று ஒருவர் பாராட்டியதைச் சொன்னார். இலைகளுக்குப் பின்னால் ஒளிந்து பிழைப்பவன் நான், மார்ட்லாக் எழுதியதெல்லாம் சரிதான் என்றார்.

"உங்க பசுவைத் தோண்ட எனக்கு நேரமில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார் சார்ஜன்ட்.

வீட்டில் மனைவி ஹெஸ்டர் பொரிந்து தள்ளினாள்.

"லண்டன்காரங்க இனிமே உன்னைக் கூப்பிடுவாங்களா? எதுக்கு எட்மண்ட் அப்படி ஒரு பொய்? மாடி அறை பூரா நீ வரைஞ்ச பசு நாலு காலோட நிக்குதே."

ஃபிஸ்க் மாடிக்குப் போய் அந்தப் பசுக்களைத் துணி போட்டு மூடினார்.

அன்று காட்டில் மார்ட்லாக்கைப் புதைத்த களைப்பில் சற்று உட்கார்ந்தவர், பழக்க தோஷத்தில் தூரிகையை எடுத்து, கண்ணெதிரே இருந்ததை அப்படியே வரைந்து தொலைத்திருந்தார்.